நாலரை நிமிடம்

எனக்குப் பொறுமை கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்க மாட்டேன். பஸ் வரவில்லை என்றால் நடக்கத் தொடங்கி, பாதி வழியில் அதே பஸ் என்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துத் திட்டுவேன். ஏற்காடு பஜாரில் கம்பளியும் குடையும் விற்ற என் அத்தா, "இவளக் கட்டிக்கறவன் ஓடத் தெரிஞ்சவனா இருக்கணும்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மகளைக் காட்டிச் சொல்லிச் சிரிப்பார். நானும் கூடவே சிரிப்பேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலக் காலைக்குப் பிறகு அந்தக் கேலிக்கு நான் சிரித்ததில்லை.

அப்போது நான் ஓர் எஸ்டேட் டிஸ்பென்சரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த எஸ்டேட் என்பது வேண்டாம். இரண்டு அறை, ஒரு வராந்தா, வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. டாக்டர் சேலத்திலிருந்து வாரம் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் சிஸ்டர்தான் எல்லாம். காய்ச்சலுக்கு மாத்திரை, புண்ணுக்குக் கட்டு, டாக்டர் எழுதிவைத்த முறைப்படி ஊசி. சிஸ்டருக்கு ஐம்பது வயது இருக்கும். தெற்கிலிருந்து வந்தவர். இருபது வருடமாக மலையில் இருந்ததால் பேச்சு எங்கள் பேச்சாகிவிட்டது. நான் வெளி அறையில் உட்கார்ந்து நோயாளிகளின் கார்டுகளைப் பார்த்துக்கொள்ளும் கிளார்க்.

அந்தக் கார்டுகளில் ஒரு வழக்கம் இருந்தது. பென்சிலின் ஊசி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளாதவருக்குப் போட்டால் கால் மணி நேரத்தில் உயிர் போய்விடும். அதனால் புதிதாக வருகிறவருக்கு முதலில் கையில் ஒரு சொட்டு குத்திவிட்டு, அரை மணி நேரம் உட்காரவைத்து, தடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்பே போட்டு ஒன்றும் செய்யாதவருக்கு அந்த அரை மணி தேவையில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒத்துக்கொள்ளாதவர் கார்டின் மூலையில் சிஸ்டர் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவார். யார் வந்து நின்றாலும் முகத்தைப் பார்க்கும் முன்னால் அவர் கண் அந்த மூலைக்குத்தான் போகும்.

கம்ப்யூட்டர் வந்தது எஸ்டேட் முதலாளியின் மகனால். அவர் பெங்களூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் கழித்துப்போட்ட ஒரு பழைய மெஷினைக் கொண்டுவந்து, காசு கொடுக்க வேண்டாத சிஸ்டம் என்று லினக்ஸைப் போட்டு, கார்டுகளைத் தேடுவதற்கு ஒரு சின்ன புரோகிராமும் எழுதிக் கொடுத்துவிட்டு, நாலு பக்கத்தில் குறிப்பு எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். நான் சேலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவள். அந்த நாலு பக்கத்தை நாற்பது தடவை படித்தேன். மூன்று மாதத்தில் எல்லாக் கார்டையும் ஏற்றினேன், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி. பெயரைத் தட்டினால் போதும், ஊர், வயது, வந்த தேதி, கொடுத்த மருந்து, பென்சிலின் ஆகுமா ஆகாதா, எல்லாம் வரும். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏற்காட்டில் வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லாத ஒன்றை நான் செய்துவிட்டேன் என்று அத்தாவின் கடையில் உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தேன்.

காகிதக் கார்டுகள் என்ன ஆயின என்று கேட்கலாம். ஊசியைக் கொதிக்கவைக்கும் விறகடுப்புக்குப் போயின. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் விறகு ஈரம் கோத்து நிற்கும். ஒரு கட்டையைப் பற்றவைக்க நல்ல கெட்டிக் காகிதம் கிடைத்தால் அதிர்ஷ்டம். சிஸ்டர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார், "எரிச்சிடலாமா கண்ணு?" என்று. "எல்லாம் உள்ள இருக்குது சிஸ்டர், எரிங்க" என்று சொன்னவள் நான். சிவப்புக் குறிகள் ஒவ்வொன்றாக அடுப்பில் போயின.

அடுத்த வருடம் ஜூனில் மெஷினில் இடம் போதாமல் போனது. முதலாளி மகன் லீவுக்கு வந்தபோது இன்னொரு பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவந்து உள்ளே மாட்டினார். முதல் டிஸ்க்கில் லினக்ஸ், இரண்டாவதில் கார்டுகள். லினக்ஸ் எழுந்ததும் இரண்டாவது டிஸ்க் தானாகவே வந்து, பழைய கார்டுகள் இருந்த அதே இடத்தில், அதே பெயரில் உட்கார்ந்துகொள்ளும்படி அமைத்துக் கொடுத்தார். "பழசை அழிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அழிக்கவில்லை. ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கட்டிலில் பழைய கம்பளியை எடுக்காமல் அதன்மேல் புதியதை விரிப்பது போன்றது அது. மேலே புதியது கிடக்கும்வரை கீழே இருப்பது கண்ணில் படாது. ஜூன் மாதத்தோடு நின்றுபோன பழைய கார்டுகள் கீழே கிடந்தன. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மேலே, புது டிஸ்க்கில் மட்டும்.

ஆகஸ்டில் சிஸ்டர் இரண்டு வாரம் ஊருக்குப் போயிருந்தார். அவருக்குப் பதில் வந்திருந்த நர்ஸ், கொட்டச்சேட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குத் தொண்டைக்காகப் பென்சிலின் போட்டார். முன்பே போட்டு ஒத்துக்கொண்டவள்தான். மறுநாள் காலை பஸ்ஸில் அவள் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி வந்து நின்றாள். "கத்தரிக்கா கொழம்பு தின்னனுங்க, அதான் அரிக்குது" என்றாள். நர்ஸ் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டு, என்னிடம் வந்து, "அது கத்தரிக்காய் இல்லை, ஊசி. ஏற்றிவிடுங்கள்" என்றார். நான் ஏற்றினேன். அவளிடம் யார் சொன்னார்கள்? நர்ஸ் நான் சொல்வேன் என்று நினைத்திருப்பார். நான் கார்டில் ஏற்றியாகிவிட்டதே என்று நினைத்தேன். அவள் கத்தரிக்காய் என்றே நினைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

அக்டோபரில் மழை இறங்கியது. அதோடு அந்த இழவும் தொடங்கியது.

லினக்ஸ் எழும்போது தான் செய்வதையெல்லாம் வரிவரியாகத் திரையில் சொல்லிக்கொண்டே வரும். இத்தனை மெமரி கிடைத்தது, முதல் டிஸ்க் கிடைத்தது என்று கடகடவென்று போகும். இரண்டாவது டிஸ்க்கின் பெயரைச் சொல்லும் இடத்தில் ஒரு நாள் அப்படியே நின்றுவிட்டது. பதில் இல்லை, மறுபடி முயல்கிறேன் என்று ஒரு வரி. மறுபடி நீண்ட மௌனம். மறுபடி அதே வரி. மெஷினுக்குள்ளிருந்து மட்டும் ஒரு முனகல் வரும். சுவர்க் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். நாலரை நிமிடம். அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காததுபோல டிஸ்க் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஓடியது. சில நாட்களில் ஏழு நிமிடம்கூட ஆனது.

நாலரை நிமிடம் ஒன்றும் பெரிய நேரமில்லை என்று தோன்றும். வராந்தாவில் இருபது பேர் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அது பெரிய நேரம். மலைக் கிராமங்களிலிருந்து வரும் பஸ் ஒன்பது மணிக்கு வந்து பத்தரைக்குத் திரும்பிவிடும். அதை விட்டால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான். அந்த மழைக்காலத்தில் கரண்ட் வேறு நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஒவ்வொரு முறை போய் வரும்போதும் மெஷின் முதலிலிருந்து எழ வேண்டும். திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னை இருபது பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

சும்மா விடுவேனா? மூடியைக் கழற்றினேன். இரண்டு டிஸ்க்குக்கும் போகும் பட்டைக் கேபிளைப் பிடுங்கி, துடைத்து, மறுபடி மாட்டினேன். மாறவில்லை. டிஸ்க்கின் பின்னால் ஜம்பர் என்று உளுந்து அளவில் ஒரு கறுப்புத் தொப்பி இருக்கும். எது முதல் டிஸ்க், எது இரண்டாவது என்று மெஷினுக்குச் சொல்வது அதுதான். மூன்று நாள் அதை மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரு நாள் இரண்டு டிஸ்க்குமே காணாமல் போய், எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே வைத்தேன். மெஷின் செட்டிங்கில் தானாகக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்த இடத்தில் டிஸ்க்கின் அளவுகளை நானே தட்டிக் கொடுத்தேன். அப்போதும் நாலரை நிமிடம்.

பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். வெயில் அடித்த நாட்களில் இந்தத் தொல்லை இல்லை. எங்கள் ஊரில் மழைக்காலத்தில் துணி அலமாரிக்குள் ஒரு நாற்பது வாட்ஸ் பல்பை எரியவிடுவோம். இல்லையென்றால் நல்ல சேலையெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும். அதையே இதற்கும் செய்தேன். மருந்து வந்த மரப்பெட்டி ஒன்றை மெஷின்மேல் கவிழ்த்து, உள்ளே பல்பு போட்டு, சாயங்காலம் பூட்டிக்கொண்டு போனேன். மறுநாள் காலை நாற்பது விநாடியில் எழுந்தது. சிஸ்டர் கை தட்டினார். ஆனால் இரவில் கரண்ட் போனால் பல்பும் போய்விடும். அந்தக் காலைகளில் மறுபடி அதே முனகல், அதே நாலரை நிமிடம். ஆக விஷயம் இவ்வளவுதான். பழைய டிஸ்க். குளிரிலும் ஈரத்திலும் அதன் மோட்டார் விறைத்துப்போகிறது. கொஞ்சம் சூடேறியதும் சுற்றுகிறது. காத்திருந்தால் கட்டாயம் வரும்.

காத்திருப்பதைத் தவிர வேறு எதையும் செய்யத் தயாராக இருந்தேன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து பெங்களூருக்குப் போன் போட்டு முதலாளி மகனைப் பிடித்தேன். பொங்கலுக்கு வரும்போது நல்ல டிஸ்க் கொண்டுவருகிறேன் என்றார். "அதுவரைக்கும்?" என்றேன். எழும்போதே இரண்டாவது டிஸ்க்கைத் தேடாதே என்று சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறது என்று எழுத்துக் கூட்டிச் சொன்னார். "ஆனா அப்ப கார்டு எதுவும் வராது. ஞாபகம் வெச்சுக்கங்க. லெட்டர் அடிக்க, லிஸ்ட் எடுக்க மட்டும் சரி." அன்றைக்கே அதைச் செய்தேன். மெஷின் எழும்போது இரண்டு வழி கேட்கும்படி வைத்து, தேடாத வழிக்கு நானே ஒரு பெயர் வைத்தேன். ‘வேகம்’ என்று. கார்டு பார்க்க வேண்டுமென்றால் பழைய வழி, மற்ற வேலைக்கு வேகம். இரண்டு வாரம் அந்த ஒழுங்கு தப்பவில்லை. வேகத்தில் வந்து கார்டைத் தேடினால் என்ன ஆகும் என்று ஒரு தடவைகூட நான் தட்டிப் பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லும், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டேன்.

அந்தக் காலையில் கரண்ட் ஒன்பதே முக்காலுக்குத்தான் வந்தது. இரவெல்லாம் காற்று. பல்பு எப்போது அணைந்ததோ தெரியாது, பெட்டிக்குள் கையை விட்டால் சில்லென்று இருந்தது. சேலத்துக்குப் போகும் எஸ்டேட் ஜீப் வாசலில் நின்றது, மருந்து லிஸ்ட் வேண்டுமென்று. வேகம் என்று தட்டினேன். லிஸ்டை பிரின்டரில் ஓடவிட்டேன். அது கரகரவென்று அடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து சிஸ்டரின் குரல்.

"கொட்டச்சேட்டு அம்மாவுக்குக் காலு சீழ் கோத்திருக்கு கண்ணு. ஊசி போடணும். கார்டப் பாத்துச் சொல்லு."

அந்தப் பெண் உள்ளே போகும்போதே என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருந்தாள். மண்வெட்டி பட்ட காலில் துணி சுற்றியிருந்தது. "நல்லா இருக்கறயா கண்ணு?" என்று கேட்டாள். மூன்று மாதத்துக்கு முன்னால் இவள் உதடு வீங்கி நின்றது எனக்கு நினைவு வந்திருக்க வேண்டும். காகிதக் கார்டு இருந்த காலத்தில் வந்திருக்கும். தட்டத் தொடங்கிய பிறகு நான் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அதுதான் உள்ளே இருக்கிறதே.

சரியான வழி எது என்று எனக்குத் தெரியும். மெஷினை அணைத்து, பழைய வழியில் எழுப்பி, நாலரை நிமிடமோ ஏழு நிமிடமோ காத்திருக்க வேண்டும். லிஸ்ட் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தான். கடிகாரத்தில் பத்து பத்து. உள்ளே அவள், "பஸ்சு போயிருமுங்க சிஸ்டர். மாடு இன்னைக்கோ நாளைக்கோ கன்னு போடறேன்னு நிக்குதுங்க" என்று சொல்வதும், "முன்ன ஊசி போட்டப்ப ஏதாச்சும் பண்ணுச்சா?" என்று சிஸ்டர் கேட்பதும், "ஒண்ணும் பண்ணலீங்க" என்று அவள் சொல்வதும் காதில் விழுந்தன. கத்தரிக்காய் பண்ணியதை அவள் எதற்குச் சொல்லப்போகிறாள்?

வராது என்று தெரிந்தேதான் அவள் பெயரைத் தட்டினேன். வரவில்லை என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டு அணைக்கலாம் என்று. கார்டு வந்தது.

இந்த இடத்தை நான் எத்தனையோ முறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். கார்டு வந்த அந்த நொடியில் எனக்கு உறுத்தியது. வரக் கூடாதே, எப்படி வந்தது என்று தோன்றியது. பொய் சொல்லவில்லை, தோன்றியது. ஆனால் பெயர் சரி, ஊர் சரி, வயது சரி. பென்சிலின் ஒத்துக்கொள்ளும் என்று நான் தட்டிய எழுத்துகளே இருந்தன. டிஸ்க் தானாக எழுந்துகொண்டது போலிருக்கிறது, நல்லதாய்ப் போயிற்று என்று அந்த உறுத்தலை ஒரு தள்ளு தள்ளினேன்.

"ஒத்துக்கும் சிஸ்டர். முன்னயே போட்டிருக்கு" என்று கத்தினேன்.

ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பு மாட்டினாள். இன்னொன்றை மாட்டவில்லை. "என்னமோ பண்ணுதுங்க" என்றாள். அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க எனக்கு மனமில்லை. சிஸ்டர் ஓடிவந்தார், மாற்று ஊசி போட்டார், மறுபடி போட்டார். ஜீப்பில் தூக்கிக் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு சிஸ்டரும் போனார். இருபது கொண்டை ஊசி வளைவு. அடிவாரம் போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது. மாட்டாத செருப்பு பெஞ்சுக்கு அடியில் கிடந்தது.

ஜீப் போனதும் எனக்குப் புரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை, எதையும் திறந்து பார்க்கவில்லை. மேல் கம்பளியை விரிக்காத கட்டிலில் நான் பார்த்தது பழைய கம்பளி. தேடாதே என்று நானே சொன்ன டிஸ்க்கில் ஆகஸ்ட் மாதத்து வரி இருக்கிறது. நிச்சயம் செய்துகொள்ள வேண்டுமென்றால் மெஷினை அணைத்து எழுப்ப வேண்டும். நான் அணைக்கவில்லை.

மத்தியானம் டாக்டர் வந்தார். கார்டைக் காட்டு என்றார். காலையில் தட்டியபடியே திரையில் இருந்தது. குனிந்து படித்தார். முன்பு ஒத்துக்கொண்ட ஊசி பின்பு ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போவது உண்டு என்றும், அது யார் தவறும் இல்லை என்றும் சொன்னார். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் மெஷினை அணைத்துவிட்டுப் பல்பைப் போடாமல் வீட்டுக்குப் போனேன். கரண்ட் இருந்தது. போட்டிருக்கலாம்.

சிஸ்டர்தான் நொறுங்கிப்போனார். கார்டு என்ன சொன்னாலும் ஒரு சொட்டு குத்திப் பார்த்திருக்க வேண்டும் என்று தன்னைத்தானே அறுத்துக்கொண்டார். ஊசியைக் கையில் எடுத்தால் திரும்ப வைத்துவிடுவார். பதினைந்து நாளில் ஊசி போடும் வேலையையே விட்டுவிட்டு, கட்டுப் போடுவதோடும் மாத்திரை கொடுப்பதோடும் நின்றுகொண்டார். ஒரு முறை என்னிடம், "நீ பாத்துத்தான கண்ணு சொன்ன?" என்று கேட்டார். குற்றம் சாட்டவில்லை, வெறுமே கேட்டார். "பாத்துத்தான் சிஸ்டர்" என்றேன். நான் இதுவரை சொன்னவற்றிலேயே அசிங்கமான உண்மை அது. அவள் வீட்டில் காரியம் முடிந்து பதினாறாம் நாளும் போகும்வரை நான் கார்டுகளைத் திறக்கவில்லை. டிஸ்க் கெட்டுவிட்டது என்று சொல்லி, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் ஒன்பது மணி பஸ்ஸில் அவள் கணவர் வந்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு துணிப்பையில் பேரிக்காய் எடுத்துக்கொண்டு. எல்லோரும் போகும்வரை பெஞ்சில் இருந்தார். பிறகு எழுந்துவந்து பையை என் மேஜைமேல் வைத்தார்.

"அன்னைக்கு நொம்ப மெனக்கெட்டீங்க. ஜீப்பெல்லாம் குடுத்தீங்க. ஒரு நல்ல வார்த்த சொல்லாமப் போயிட்டனுங்க" என்றார். பிறகு மெஷினைப் பார்த்துக்கொண்டு, "ஏனுங்க, எங்கூட்டுக்காரி வந்தாவெல்லாம் அதுல எழுதுவீங்களாமா. அவ சொல்லுவா. இன்னும் இருக்குதுங்களா?" என்றார்.

இருக்கிறது என்றேன்.

"ஒருக்கா பாக்கலாமுங்களா? போட்டா கீட்டா ஒண்ணும் இல்லீங்க எங்கிட்ட. பேராச்சும் பாத்துக்கறனுங்க."

சிஸ்டர் உள்ளேயிருந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றார். நான் மெஷினைப் போட்டேன். எந்த வழி என்று கேட்டது. என் விரல் வேகத்துக்குத்தான் போனது. அதில் வரும் கார்டைக் காட்டி அவரை அனுப்பியிருக்கலாம். டாக்டருக்குக் காட்டியதைப் போல. ஏன் அப்படிச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியாது. நல்லவள் என்பதால் இல்லை. அந்தப் பேரிக்காய்களைப் பார்த்துக்கொண்டு மறுபடி அதைத் தட்ட முடியவில்லை. பழைய வழியைத் தட்டினேன்.

வரிகள் ஓடின. இரண்டாவது டிஸ்க்கின் பெயரில் வந்து நின்றது. முனகியது. பதில் இல்லை, மறுபடி முயல்கிறேன்.

"கொஞ்ச நேரம் ஆவுமுங்க" என்றேன்.

"ஆவட்டுமுங்க" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மெஷின்முன் அவ்வளவு அமைதியாக உட்கார்ந்த மனிதரை நான் பார்த்ததில்லை. நான் உள்ளுக்குள் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். அல்லாவே, இன்றைக்கு மட்டும் இந்த டிஸ்க் செத்துப்போகட்டும். மோட்டார் இறுகிப்போகட்டும். ஒரு முறை நின்று, இரண்டு முறை நின்று, மூன்றாவது முறை முனகல் மாறி, சுற்றும் சத்தம் வந்தது. டிஸ்க் கிடைத்தது. காத்திருந்தால் கட்டாயம் வரும் என்று எனக்குத்தான் முன்பே தெரியுமே.

பெயரைத் தட்டினேன். கார்டு வந்தது.

"என்னங்க எழுதிருக்குது?"

பெயரை வாசித்தேன். ஊரை வாசித்தேன். வயதை வாசித்தேன். முதல் முறை காய்ச்சலுக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டது, கையில் தேள் கொட்டி வந்தது, தொண்டைக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டினார். தேளுக்கு மட்டும் லேசாகச் சிரித்தார். நான் நிறுத்தினேன்.

சிஸ்டர் என் தோளுக்கு மேலாகத் திரையைப் படித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றார் சிஸ்டர். கோபமே இல்லாத குரல். "அதையும் வாசி கண்ணு."

வாசித்தேன். ஆகஸ்ட் மாதத் தேதி. "பென்சிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கியது. இனி எப்போதும் கூடாது."

அவள் கணவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"அது ஊசியாலயாங்க?" என்றார். "கத்தரிக்கான்னுல்ல நாங்க நெனச்சோம். அப்பறம் ஊட்ல கத்தரிக்கா ஆக்கவே இல்லீங்க. கொல்லைல இருந்த செடியக்கூட அவளே புடுங்கிப் போட்டுட்டா."

எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அன்னைக்கு இது தெரியலீங்களா?" என்றார். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இது வர்றதுக்குக் காத்திருக்கோணுமுங்க. நான் காத்திருக்கல. அவசரத்துல பழசப் பாத்துச் சொல்லிட்டேன். எம்பட தப்புங்க. சிஸ்டர் மேல ஒண்ணும் இல்லீங்க."

"எவ்வளவு நேரம் காத்திருக்கோணுமுங்க?"

"இப்ப நீங்க உக்காந்திருந்தீங்களே," என்றேன். "அவ்வளவுதானுங்க."

அவர் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு மணி பார்க்கத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே பத்தரை பஸ் ஹாரன் அடித்தது, மறுபடி அடித்தது, பிறகு கிளம்பிப் போனது. அவர் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை.